சிறு துப்புரவு

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். பொய்யை அவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டு, பிறகு உண்மையைச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டவனைப் பார்த்திருக்கிறீர்களா? இவன் அந்த ரகம். நாற்பத்தொரு வயது, பாதித் தலை வழுக்கை. அக்காவுக்கு இன்னமும் தம்பி. அலுவலகத்தில் எல்லோருக்கும் பூசணி.

பூசணி என்ற பட்டப்பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இவன் குடும்பத்தின் தலையில் விழுந்த இடி அதற்குள்தான் இருந்தது.

அவன் வேலை கெர்னலில். கணினியை முடுக்கியதும் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்து, எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொள்ளும் நிரல் அது. யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருக்கும். அந்தப் பஞ்சாயத்தில் ஓட்டை தேடி அடைப்பது இவன் பிழைப்பு. ஓட்டைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். ஒரு நிரல் கொஞ்சம் நினைவகத்தை வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும், வாடகை வீட்டைக் காலி செய்கிற மாதிரி. காலி செய்தவரிடம் சாவியைத் திருப்பி வாங்க மறந்தால்? புதுக் குடித்தனம் வந்து தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கிய பிறகும் பழைய ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரலாம். தெரியாமல் வந்தால் ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு கணினி உறைந்து நிற்கும். தெரிந்தே வந்தால் வீடே அவன் கைக்குப் போய்விடும். அந்தச் சாவியை மறக்காமல் வாங்கி வைக்கும் இரண்டு மூன்று வரிகளை எழுதத்தான் இவனுக்குச் சம்பளம்.

அதை ரகசியமாகவும் எழுத முடியாது, அதுதான் கூத்து. இந்தக் கெர்னல் உலகத்துக்கே பொது. யார் எதைத் திருத்தினாலும் எல்லோரும் பார்ப்பார்கள், திருடனும் பார்ப்பான். ‘இங்கே ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டேன்’ என்று பளிச்சென்று எழுதினால், இன்னும் அடைக்காத ஆயிரம் வீடுகளுக்கு அவனுக்கு வழி சொன்ன மாதிரி. அதனால் திருத்தம் எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு உப்புச்சப்பில்லாமல் குறிப்பு எழுதுவது இவன் குழுவின் வழக்கம். படிக்கிறவனுக்குக் கொட்டாவி வர வேண்டும். குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும் நல்லவர்கள் எல்லாத் திருத்தங்களையும் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்களா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், யாரும் புகார் சொல்லாமல், பழைய நிரலைச் சும்மா படித்துக்கொண்டிருந்தபோது இவனே ஒரு ஓட்டையைக் கண்டான். பத்து வருடப் பழசு, எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். குழுத் தலைவியிடம் மட்டும் சொன்னான். மூன்று வரிகளில் அடைத்தான். மேலே எழுதினான்: ‘சிறு துப்புரவு. செயல்பாட்டில் மாற்றமில்லை.’

தலைவி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். “அடேயப்பா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான். உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது சார்.”

அன்றிலிருந்து பூசணி. இவனுக்கும் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இப்போது அக்காவுக்கு வருவோம். அவள் இவனைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபோது இவனுக்கு ஏழு வயது. தலைவாரி விட்டது, பரீட்சைத் தாளில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டு அடியிலிருந்து காப்பாற்றியது, படிக்க வைத்தது எல்லாம் அவள்தான். ஒரு கல்யாணப் பேச்சு வந்து நின்றுபோனது. அதோடு சரி, அந்தப் பேச்சையே அவள் எடுக்கவிடவில்லை. ஒரு மருத்துவமனையில், வருகிறவர்களைப் பதிந்து உள்ளே அனுப்பும் மேசையில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருந்தாள். பெயர், வயது, கூட வந்தது யார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இவனுக்கு அவள் வீட்டில்தான். மாற்றுச் சாவி இவன் கொத்திலேயே தொங்கியது. கதவைத் தட்டிவிட்டு நின்றால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “விருந்தாளியாடா நீ? திறந்துட்டு வரவேண்டியதுதானே?”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் மேசைக் கணினிக்கு ஒரு மெயில் வந்தது. எங்கள் அம்மாவைச் சிகிச்சைக்கு நாளைக்கு அழைத்து வருகிறோம், பழைய ரிப்போர்ட் இணைத்திருக்கிறோம் என்று. இந்த மாதிரி தினமும் பத்து வரும். திறந்தாள். கணினி உறைந்து நின்றது. அணைத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உறைந்தது, மறுபடியும் அணைத்துப் போட்டாள். மூன்றாம் தடவை அது உறையவில்லை. பதினொன்றரை மணிக்கு மருத்துவமனை முழுக்க ஒவ்வொரு திரையும் கறுத்துப்போனது.

அன்று மதியம் மூன்றாம் மாடியில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்திக்கு ஊசி போட்டார்கள். அந்த மருந்து அவளுக்கு ஆகாது. காலையில் அக்கா இரண்டு தடவை கேட்டு, சிவப்புக் கட்டத்தில் தட்டி வைத்திருந்தாள். கட்டம் கறுத்த திரைக்குள் இருந்தது. அந்தப் பெண் நினைவில்லாமல் கிடந்ததால் அவளையும் கேட்க முடியவில்லை. ஊசிக்கு முன்னால் மேலேயிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து, “மூணாவது மாடிக்கு இன்னைக்கு அனுப்பினவங்கள்ல யாருக்காவது மருந்து ஒத்துக்காதா?” என்று அக்காவிடமே கேட்டாள். காலையிலிருந்து நாற்பது பேரை அனுப்பியிருந்தாள் அக்கா. நினைவுக்கு வரவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் போய்விட்டாள்.

மறுநாளே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். விஷயம் கேட்டு இவன் ஓடினான். அவள் வீட்டில் எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருந்தது. அவள் மட்டும் சமையலறைத் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நீ இந்த வேலைதானேடா பண்றே? சொல்லு. ஒரே ஒரு கடுதாசியைத் திறந்தா ஒரு உசுரு போயிடுமா?”

“போகாது அக்கா. நீ திறந்ததுல உன் மேசைக்குள்ள மட்டும்தான் ஒருத்தன் நுழைஞ்சிருக்க முடியும். அங்கிருந்து மொத்த ஆஸ்பத்திரிக்கும் போகணும்னா வேற ஒரு ஓட்டை வேணும். அது உன் தப்பே இல்லே.”

“ரெண்டு தடவை நின்னு போச்சுடா. அப்பவாவது யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நானே அணைச்சு அணைச்சுப் போட்டேன். கதவைத் தட்டறவனுக்கு நானே நாற்காலி போட்ட மாதிரி.” அவள் அழவில்லை. அதுதான் இவனுக்குத் தாங்கவில்லை. “அந்தப் பொண்ணு முகம் இப்பத்தான் ஞாபகம் வருது. பச்சை வளையல். ஊசின்னா பயம்னு சிரிச்சா. அன்னைக்குக் கேட்டப்ப ஏன் வரலே?”

நின்னு போச்சு என்ற சொல் இவன் காதில் முள்ளாகக் குத்தியது. அடுத்த நாள் மருத்துவமனையின் கணினிக்காரரைப் போய்ப் பார்த்தான். நல்ல மனிதர், மூன்று நாள் தூங்காத கண்கள். உங்கள் அக்கா கையால் எத்தனை தடவை காபி குடித்திருக்கிறேன் என்று சொல்லி, அந்த மேசைக் கணினி உறைந்தபோது கடைசியாகக் கக்கிய பக்கத்தை அச்சடித்துக் கொடுத்தார். இவன் நின்றபடியே படித்தான். எட்டாவது வரியில் அந்த நிரலின் பெயர் இருந்தது. தன் கையெழுத்தைத் தனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? திருடன் இரண்டு தடவை பழைய சாவியைப் போட்டுத் தடுமாறியிருக்கிறான். மூன்றாவது தடவை கதவு திறந்திருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் இவன் பூட்டிய கதவு.

எப்படித் திறந்தது? மருத்துவமனைக்குக் கணினிகளைக் கொடுத்துப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு அங்கேயே, நடைபாதையில் நின்றபடியே போன் போட்டான். பேசியது ஒரு மரியாதையான ஆள்.

“நாங்க எல்லாத் திருத்தத்தையும் எடுக்கறதில்லைங்க. ஒண்ணை மாத்தினா ஒண்ணு உடையும், ஆஸ்பத்திரி பாருங்க. பாதுகாப்புன்னு தெரியற குறிப்பை மட்டும் பொறுக்கி எடுப்போம். நீங்க சொல்றது... இருங்க பார்க்கறேன்.” விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “சிறு துப்புரவு. செயல்பாட்டில் மாற்றமில்லை. இதை எதுக்குங்க எடுக்கப் போறோம்?”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடம் என்று இப்போது தெரிந்துவிட்டது.

குழுத் தலைவியிடம் போனான். அவள் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, பூசணி என்றும் கூப்பிடவில்லை.

“இந்த ஒரு ஆஸ்பத்திரி மட்டும் இல்லே. அந்த நிறுவனம் முன்னூறு இடத்துல இதே பழசை ஓட்டுது. இன்னைக்கு நாம வெளியே சொன்னா நாளைக்கே முன்னூறு இடத்துலயும் பூந்துடுவான். நீங்க போன் பண்ணினதும் அவங்க என்கிட்டப் பேசிட்டாங்க, எல்லாத்தையும் மாத்த அஞ்சு வாரம் கேட்டிருக்காங்க. அதுக்கப்புறம் ஓட்டைகளோட பொதுப் பட்டியல்ல போடுவோம்.”

“விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை மேடம்.”

“தெரியுது.”

“என் அக்கா மேடம்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “முன்னூறு இடத்துலயும் யாரோட அக்காவாவது படுத்திருப்பாங்க சார்.”

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் கொடுமை. ஒரு வாரம் மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தான். வியாழக்கிழமை மதியம், மூடிய அறையில் மட்டும் பேசுகிறேன், பேசுவது வெளியே போகக் கூடாது என்று விசாரணைக் குழுவிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினான். தலைவி தடுக்கவில்லை. விசாரணைக் குழு கேட்டால் ஒரு வரி எழுதித் தருவதாக மட்டும் சொன்னாள்.

அறையில் நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், மூன்று பேர். விசாரணைத் தலைவர் வயதானவர், சாந்தமான முகம். பக்கத்தில் மருத்துவமனையின் வக்கீல். மூன்றாமவர், தொழில்நுட்பம் தெரிந்தவர் என்ற முறையில் பராமரிப்பு நிறுவனத்து அதிகாரி. வேலியையே கூப்பிட்டுப் பயிரை யார் மேய்ந்தது என்று கேட்கிற கதை. அக்கா கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்லும்போது அவள் இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பினார்கள்.

இவன் சொன்னான். ஓட்டை, சாவி, மூன்று வரிகள், குறிப்பு, வழக்கம் எல்லாவற்றையும் சொன்னான். இருபது நிமிடம்.

வக்கீல் ஒரு தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். “இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமா.”

“செயல்பாட்டில் மாற்றமில்லைன்னு இருக்கு.”

“அது பொய். வேணும்னே எழுதினது. அப்படித்தான் எழுதுவோம்.”

“அப்போ நீங்க பொய் எழுதறவர்.”

இவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான்.

“பதினாலு மாசம் முன்னாடி, யாரும் கேக்காதப்ப, மாற்றமில்லைன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு, உங்க அக்கா வேலை போகப் போற நேரத்துல, பெரிய ஓட்டைன்னு சொல்றீங்க. எதை நாங்க நம்பறது?”

நிறுவனத்து அதிகாரி தொண்டையைச் செருமினார். “அவர் சொல்றபடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல மாசக்கணக்காகும்.” பாவம், அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே.

விசாரணைத் தலைவர் இன்னொரு தாளை நகர்த்தினார். இவன் குழுத் தலைவியிடமிருந்து அன்று காலை வந்தது. ஒரே வரி. தனித்தனித் திருத்தங்களைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை. எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்கு இவனே அனுப்பிய வரி அது. சொல் மாறாமல் இருந்தது.

“அக்கா மேல பாசம் இருக்கறது நல்லதுதான் தம்பி,” என்றார் தலைவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

தீர்ப்பு இரண்டு பத்திகள். ஊழியர் ஒருவரின் கவனக்குறைவே காரணம். இருபத்திரண்டு வருடங்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தன.

வீட்டுக்கு அழைத்துவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான். “அக்கா, நீ இல்லே. நான்தான். அந்த ஓட்டையை எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் அது ஒண்ணுமில்லாத மாதிரி எழுதி மறைச்சேன். நான் ஒழுங்கா எழுதியிருந்தா அந்தப் பொண்ணு இருந்திருப்பா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

“பைத்தியம். ஏழு வயசுல நான் உடைச்ச கண்ணாடிக்கு நீ போய் அப்பாகிட்ட அடி வாங்கினியே, இன்னும் அந்தப் புத்தி போகலையா?” அவன் தலையில் கை வைத்தாள். “எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்காதேடா. என்னோடது என்கிட்டயே இருக்கட்டும்.”

“அக்கா, சத்தியமா.”

“சரி சரி. போய் முகத்தைக் கழுவு.”

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் வீடு இருக்கும் தெருவைத் தேடிப் போய், எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்கடுத்த வாரமும் போனாள். சாப்பாடு பாதியானது. யாராவது மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் சாவி போட்டுத் திறந்து போனால், அதே தரையில், அதே சுவரோரம் இருந்தாள். பட்டியல் வரட்டும், வரட்டும் என்று இவன் நாளை எண்ணினான். எழுத்தில் வந்துவிட்டால் நம்பித்தானே ஆக வேண்டும்? அவள் நெஞ்சிலிருந்து அந்தக் கல்லை இறக்கிவிட்டால் போதும், தன் தலையில் எது விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தான்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை பட்டியல் வந்தது. முன்னூறு இடங்களும் மாறிவிட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டைகளுக்கு நடுவில் அறுபத்திரண்டாவதாக இவனுடையது: அபாயம் மிக அதிகம், தாக்குதலுக்குப் பயன்பட்டதாகத் தெரிகிறது. கண்டறிந்தவர் என்று இவன் பெயர். திருத்திய தேதி, குறிப்பு, எல்லாம். அச்சடித்து, மடிக்காமல் கொண்டுபோனான்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். இருபத்திரண்டு வருடங்கள் படிவங்களைப் படித்தவள், எதை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். விரல் தேதியில் போய் நின்றது.

“இது போன வருஷம்.”

“ஆமா அக்கா. அப்பவே எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேனே. உன் மேல தப்பு...”

“நிசமாத்தான் சொல்லியிருக்கே அப்போ.”

“ஆமா.” இவனுக்கு அழுகையும் ஆறுதலும் சேர்ந்து வந்தன. நம்பிவிட்டாள்.

“பதினாலு மாசம்.” அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்கதானே சாப்பிட்டே?”

“ஆமா.”

“நான் அந்த மேசையில, அந்தக் கம்ப்யூட்டர்லதான் உக்காந்திருக்கேன்னு உனக்குத் தெரியும்.”

“உங்க ஆஸ்பத்திரியில எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன் அக்கா. எல்லாரும் எடுத்திருப்பாங்கன்னு...”

“கேட்டியா?”

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“ஒரே ஒரு நாள், ‘அக்கா, உன் கம்ப்யூட்டர் பழசா புதுசா, அந்தக் கணினிக்காரரைக் கேட்டுச் சொல்லு’ன்னு ஒரு வார்த்தை. ரகசியத்தைக் கூடச் சொல்ல வேண்டாம். கேட்டிருக்கலாம் இல்லே? எந்த மருந்து ஆகாதுன்னு நான் முகம் தெரியாதவங்களை ரெண்டு தடவை கேப்பேன்டா.”

கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதுதான் உண்மை. எழுதிய குறிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது, மூன்றாவது வாரமே அவனுக்கும் அது துப்புரவாகிவிட்டது.

அவள் தாளை மேசையில் அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய்ச் சாப்பாட்டை ஒரு பாத்திரத்தில் போட்டு, மூடி, துணியில் கட்டிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“வீட்டுக்குக் கொண்டு போய்ச் சாப்பிடுங்க,” என்றாள். நாற்பத்தொரு வருடங்களில் அவனை அவள் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் எழுந்து கதவு வரைக்கும் போனான். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, மேசையில் உட்கார்ந்து கடைசிக் கேள்வியைக் கேட்கிற அதே நிதானத்தோடு.

“இந்த வீட்டு மாத்துச் சாவி உங்ககிட்ட இருக்கு. குடுத்துட்டுப் போங்க.”

வளையத்திலிருந்து அந்தச் சாவி லேசில் கழன்று வரவில்லை. நகம் பிய்ந்தது. அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள்.